பாட்டுக் காணொளியில் யார் எப்படித் தெரிகிறார்கள் என்று கணக்கெடுக்கும் முறை

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் இடைநிலைப் பள்ளியின் படிவம் 4, படிவம் 5 மாணவர்கள் சிலருடன் அமர்ந்து பாட்டுக் காணொளிகளைப் பார்ப்பது என் வழக்கம். அவர்களில் பலர், தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், பிறந்து, பால்மரம் (ரப்பர்) செம்பனையாக (எண்ணெய்ப்பனை) மாறிய காலத்தில் பட்டணத்துக்கு வந்து சேர்ந்தவர்களின் பேரப்பிள்ளைகள். ஒரு காணொளி ஒரு சமூகத்தை எப்படிக் காட்டுகிறது என்று கேட்டால், தொடக்கத்தில் "நல்லா இருக்கு சார்" என்பதோ "சரியில்ல சார்" என்பதோதான் பதிலாக வரும். அந்தப் பதிலுக்குக் காரணம் சொல்ல அவர்களைப் பழக்கிய முறையை, வீட்டிலோ வகுப்பிலோ இளைஞர் மன்றத்திலோ மற்றவர்களும் செய்து பார்க்கும்படி இங்கே எழுதுகிறேன்.

காணொளியைப் பார்க்க ஒரு கைப்பேசி, நேரம் குறிக்க இன்னொன்று, கோடு போட்ட தாள் ஒன்று ஆகியவை போதும். முதல் முறை காணொளியை இடையில் நிறுத்தாமல் முழுவதும் பார்த்து, மனத்தில் பட்டதை இரண்டு வரியில் எழுதி மடித்து வைத்துவிட வேண்டும். இரண்டாம் முறை ஒலியை அடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். தாளம் நம்மை இழுத்துச் செல்லும்போது கண் கேள்வி கேட்பதில்லை. ஒலி நின்றதும், அதுவரை கவனிக்காத முகங்கள் ஓரத்தில் நிற்பது தெரியும். மூன்றாம் முறை திரையைக் கவிழ்த்து வைத்துப் பாட்டை மட்டும் கேட்டு, வரிகள் சொல்வதும் படம் காட்டுவதும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். உழைப்பைப் போற்றும் வரிகளின் மேல் உழைக்காத கைகள் ஆடுவதை மாணவர்கள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தில்தான் கண்டுபிடிக்கிறார்கள்.

அடுத்தது கணக்கு. நான்கு நிமிடக் காணொளியில் 240 விநாடிகள் உண்டு. ஒரு காட்சித் துண்டு இரண்டு, மூன்று விநாடிகள் நின்றால் ஏறக்குறைய நூறு துண்டுகள் வரும். அவற்றை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, யார் தெரிகிறார், எத்தனை விநாடி தெரிகிறார், முகம் தெரிகிறதா உடலின் ஒரு பகுதி மட்டும் தெரிகிறதா, காமிராவை நேராகப் பார்க்கிறாரா, என்ன செய்கிறார் என்று தாளில் மேலிருந்து கீழாகப் பிரித்த ஐந்து பத்திகளில் குறிக்க வேண்டும். இந்த எண்ணிக்கை வீண் வேலை அன்று. 1981-இல் அமெரிக்காவில் எம்டிவி என்ற பாட்டுக் காணொளி அலைவரிசை தொடங்கியபோது அதில் கறுப்பினக் கலைஞர்களின் காணொளிகள் மிக அரிதாகவே ஒளிபரப்பாயின. 1983-இல் பிரிட்டிஷ் பாடகர் டேவிட் போவி அதே அலைவரிசைக்கு அளித்த நேர்காணலில், கறுப்பினக் கலைஞர்களை ஏன் இவ்வளவு குறைவாகக் காட்டுகிறீர்கள் என்று நேரடியாகவே கேட்டார். அப்படிக் கேட்க முடிந்ததற்குக் காரணம், திரையில் யார் இல்லை என்பதை அவர் கவனித்திருந்ததுதான்.

ஐந்து பத்திகளில் இந்த முறையின் உயிர் கடைசிப் பத்தியில் இருக்கிறது. அதில் வினைச்சொற்களை மட்டுமே எழுத வேண்டும். "அழகானவர்", "ஏழை" என்பன போன்ற சொற்களுக்கு அங்கே இடமில்லை. ஒரு சமூகத்தாருக்கு நிற்றல், சிரித்தல், கும்பிடுதல் என்ற மூன்று வினைகள் மட்டுமே கிடைத்திருந்தால், அவர்கள் அந்தக் காணொளியில் மனிதர்களாக வரவில்லை, பின்னணித் திரையாக வந்திருக்கிறார்கள். சுதந்திர நாள் வரும் ஆகஸ்டு மாதத்தில் நம் நாட்டில் ஒளியேறும் தேசப்பற்றுப் பாடல்களை இப்படிப் பார்த்தால் நன்றாக விளங்கும். மலாய்க்காரர், சீனர், இந்தியர், சரவாக்கின் ஈபான், சபாவின் கடசான் மக்கள் என்று எல்லாரும் வரிசையாக வருவார்கள், எல்லாருக்கும் அவரவர் பாரம்பரிய உடையும் இருக்கும். ஆனால் வண்டி ஓட்டுபவர் யார், பாடம் நடத்துபவர் யார், முடிவு எடுப்பவர் யார் என்று வினைகளைப் பிரித்து எழுதும்போதுதான், உடையில் கிடைத்த சமத்துவம் செயலிலும் கிடைத்திருக்கிறதா என்பது தெரியும்.

நான் இந்த வினைச்சொல் பத்தியை இவ்வளவு வலியுறுத்துவதற்கு என் அம்மாதான் காரணம். அவர் முப்பது ஆண்டுகள் பால்மரம் சீவியவர். தோட்டத்து வாழ்க்கையைப் போற்றும் ஒரு காணொளியை அவருக்குப் போட்டுக் காட்டினேன். உச்சி வெயிலில், சரிகைப் புடவையும் மல்லிகைப்பூவுமாக ஒரு பெண் உளியை மரத்தில் வைத்து வலப்பக்கம் மேல்நோக்கி இழுத்தாள். அம்மா கைப்பேசியை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, "இந்த நேரத்துக்கு மங்குல பால் சேர்த்து ஸ்டோருக்குப் போயிருப்போம். வெட்டும் இப்படிப் போவாதுப்பா" என்றார். மங்கு என்பது பால் வடியும் கிண்ணம். அவர் சொன்னது சரிதான். விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும், அதனால்தான் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இருட்டிலேயே மரத்துக்குப் போனார்கள்; வெட்டும் இடப்பக்கம் மேலிருந்து வலப்பக்கம் கீழாக இறங்க வேண்டும், அப்போதுதான் பட்டைக்குள் சாய்வாக ஓடும் பால்குழாய்கள் அதிகமாக அறுபடும். அந்தப் பாட்டின் வரிகளில் குறை ஏதும் இல்லை. ஆனால் ஒரு வாழ்நாள் முழுவதும் பழகிய திறமையை, யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் செய்துவிடக்கூடிய அசைவாக அது காட்டிவிட்டது. ஆகவே ஒரு தொழிலைக் காட்டும் காணொளியைப் பார்த்தால், அந்தத் தொழிலைச் செய்தவர் ஒருவரிடம் அவசியம் காட்டிக் கேளுங்கள். கற்பனைக் காட்சிகளுக்கு இந்த அளவுகோல் பொருந்தாது. கனவாகக் காட்டப்படுவது கனவாகவே இருக்கட்டும். உண்மை வாழ்க்கை என்று சொல்லிக் காட்டப்படுவதைத்தான் இப்படிச் சோதிக்க வேண்டும்.

பெண்கள் வரும் இடங்களில் மூன்றாம், நான்காம் பத்திகளைச் சேர்த்துப் படிக்க வேண்டும். திரைப்பட ஆய்வாளர் லோரா மல்வி 1975-இல் திரைப்படத்தைப் பற்றி எழுதிய கட்டுரையில், காமிராவின் பார்வை, கதையில் வரும் ஆணின் பார்வை, பார்வையாளரின் பார்வை ஆகிய மூன்றும் ஒன்றாகிப் பெண்ணைக் காட்சிப்பொருளாக்குவதை விளக்கினார். பாட்டுக் காணொளியில் அதைக் கண்டுகொள்வது எளிது: இடுப்பும் காலும் முகத்துக்கு முன்னே வந்துவிடும், ஆணின் முகம் முழுதாக வரும். நிறத்தையும் இங்கேயே குறித்துக்கொள்ளலாம். கறுத்த இளைஞர்கள் பத்துப் பேர் ஆடும் காணொளியிலும் நாயகி மட்டும் வெளுத்திருப்பதும், ஒளி அவர் முகத்துக்காகவே அமைக்கப்பட்டு மற்றவர்கள் இருட்டில் மங்குவதும் எங்கள் தாள்களில் மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன.

இளைஞர்களைப் பற்றி நான் கவலையோடுதான் எழுதுகிறேன். மலேசியத் தமிழ் ராப் கலைஞர்களான யோகி பி, நட்சத்திரா குழுவினரின் 'வல்லவன்' தொகுப்பு 2006-இல் வெளிவந்தபோது, மலேசியத் தமிழனின் குரலைத் தமிழ்நாடும் திரும்பிப் பார்த்தது. அந்தப் பெருமையில் வளர்ந்த பிள்ளைகள் இன்று பார்க்கும் பல காணொளிகளில், தோட்டப்புற இளைஞனுக்கு முறைத்தல், மோட்டார் சைக்கிளை உறுமவிடுதல், கூட்டமாக நடந்து வருதல் ஆகிய வினைகளுக்கு மேல் வேறு கிடைப்பதில்லை. தாளை நிரப்பி முடித்த ஒரு மாணவன், "எங்க அண்ணன் லோரி ஓட்டுறாரு சார். அவர் மாதிரி ஒருத்தரும் இதுல இல்ல" என்றான். நான் சொல்ல நினைத்ததை அவன் என்னைவிடத் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

அவன் சொன்னது அடுத்த படியைத் தொடங்கிவைக்கிறது: இல்லாதவர்களின் பட்டியலை எழுதுவது. காணொளி எடுக்கப்பட்ட இடத்தில் உண்மையில் வாழ்பவர்கள் யார் என்று முதலில் எழுதி, அவர்களில் திரைக்கு வராதவர்களின் பெயரைச் சுற்றி வட்டமிட வேண்டும். செம்பனைத் தோட்டத்தில் எடுத்த தமிழ்க் காணொளியில், இன்று அங்கே நீண்ட கம்பில் கட்டிய அரிவாளால் குலை இறக்கும் இந்தோனேசிய, வங்காளதேசத் தொழிலாளர்கள் இருக்கிறார்களா? எங்கள் ஊருக்கு மேலே மலைப்பகுதியில் வாழும் தெமியார் பூர்வகுடியினர் எந்தக் காணொளியிலாவது வருகிறார்களா? நம்மைக் காட்டவில்லை என்று மனம் வருந்தும் நாமும் மற்றவர்களை விட்டுவிடுகிறோம் என்பதைப் பிள்ளைகள் இங்கேதான் உணர்கிறார்கள்.

கடைசியாக, காணொளியை உருவாக்கியவர்களின் பெயர்ப்பட்டியலைப் பார்க்க வேண்டும். 2021-இல் வெளிவந்த 'எஞ்சாயி எஞ்சாமி' பாடலை எழுதிய ராப் பாடகர் அறிவு, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்த தம் பாட்டியின் வாழ்க்கையிலிருந்து அதை எடுத்தார். அந்தப் பாட்டியே காணொளியில் தோன்றுகிறார். தோட்டத்து முதியவர் ஒருவருக்கு அவ்வளவு மரியாதையான இடம் தந்த காணொளிகள் அரிது. அதே ஆண்டு அந்தப் பாடலைப் பற்றி எழுதிய ஓர் இசை இதழின் அட்டையில் அறிவு இடம்பெறாமல் போனது பெரும் விவாதமாயிற்று. ஆகவே திரையில் யார் தெரிகிறார் என்பதோடு, யார் எழுதினார், யார் எடுத்தார், பெயர் யாருக்குப் போகிறது என்பவற்றையும் தாளின் அடியில் எழுதுங்கள்.

இந்தக் கணக்கைப் பழகியவர்கள் தாமே காணொளி எடுக்க ஆசைப்படுவார்கள். பால்மரம் சீவுவதை எடுப்பதாக இருந்தால் விடிவதற்கு முன்பே மரத்தடிக்குப் போய்விடுங்கள். முகத்தைக் காட்டலாமா என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள். காட்சி சரியாக அமையவில்லை என்பதற்காக அவரை நிறுத்தி மறுபடி வெட்டச் சொல்லாதீர்கள். கொண்டுவரும் பாலின் நிறைதான் அவருடைய அன்றைய சம்பளம்.