காலநிலைக்காக வீதியில் இறங்குமுன்: வழக்கு வந்தால் நிற்பது எப்படி

"வீதியில் இருப்போம், பிடித்தால் பிடிக்கட்டும், கோட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லும் தம்பி தங்கச்சிமாரை யாழ்ப்பாணத்தில் இப்போது அடிக்கடி காண்கிறேன். கோபம் நியாயமானது. பெரிய ஆறில்லாத ஊர், சுண்ணாம்புக் கல்லுக்குள் தேங்கும் மழைநீர்தான் எங்கள் கிணறு, கடல்மட்டம் உயர உயர அதற்குள் உவர் ஏறும். ஆனால் கோட்டில் பார்க்கும் வேலையை வீதிக்கு வர முதலே தொடங்க வேண்டும்.

காலநிலைக்காகச் செய்தோம் என்றால் கோடு விட்டுவிடும் என்ற நம்பிக்கையை முதலில் விடுங்கள். இங்கிலாந்தில் கிங்ஸ்நோர்த் நிலக்கரி மின்நிலையப் புகைபோக்கியில் ஏறிப் பெயின்ற் அடித்த வழக்கில் கிரீன்பீஸ் என்ற சூழல் அமைப்பின் ஆறு பேரை 2008இல் ஜூரிமார் (தீர்ப்புச் சொல்ல அமர்த்தும் பொதுமக்கள்) விடுவித்தார்கள்; பெரிய அழிவைத் தடுக்கத்தான் இந்தச் சிறிய சேதம் என்ற வாதம் அன்றைக்கு எடுபட்டது. அதே நாட்டில் 2024இல் எம்25 நெடுஞ்சாலையை முடக்கத் திட்டமிட்டதற்காக காலநிலைப் போராளி ரோஜர் ஹலமுக்கு 5 வருடம், கூட இருந்த நான்கு பேருக்கு 4 வருடம் சிறை (மேன்முறையீட்டில் பிறகு குறைந்தது). எங்கள் தண்டனைச் சட்டக்கோவையின் 74ஆம் பிரிவும், வேறொரு தீங்கைத் தவிர்க்க நல்லெண்ணத்துடன் செய்த செயலுக்குப் பாதுகாப்புத் தருகிறதுதான், ஆனால் நீதவான் நீதிமன்றத்தில் மனமிளக ஜூரி கிடையாது. அதை மட்டும் நம்பி இறங்காதீர்கள் என்றுதான் நான் சொல்வேன்.

சரி, எதை நம்பலாம்? ஊர்வலம் என்றால் தொடங்குவதற்குக் குறைந்தது ஆறு மணித்தியாலத்துக்கு முதல் கிட்டிய பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரிக்கு எழுத்தில் அறிவியுங்கள், பொலிஸ் கட்டளைச் சட்டத்தின் 77ஆம் பிரிவு அதைத்தான் கேட்கிறது, கையளித்த பிரதியில் திகதியும் கையொப்பமும் வாங்கி வையுங்கள். குற்றவியல் நடவடிக்கைச் சட்டம் 106ஆம் பிரிவின் கீழ் பொலிஸ் நீதவான் நீதிமன்றத்தில் தடையுத்தரவு எடுத்திருக்கிறதா என்று முதல்நாளே சட்டத்தரணி ஒருவர் மூலம் விசாரியுங்கள். எடுத்திருந்தால் அதே நீதிமன்றத்தில் மாற்றக் கேட்கலாம். தெரிந்துகொண்டே மீறினால் அது தனிக் குற்றம், மீறுவதென்று முடிவெடுத்தால் எல்லாரும் அறிந்து எடுத்த முடிவாக இருக்கட்டும், பின்னால் நிற்கும் பள்ளிப் பிள்ளைக்குத் தெரியாமல் எடுத்ததாக இருக்கக் கூடாது.

அடுத்ததுதான் முக்கியம். 5 பேர் கூடினாலே சட்டவிரோதக் கூட்டம் ஆகிவிடாது, பலாத்காரம் போன்ற குற்ற நோக்கம் எல்லாருக்கும் பொதுவாக இருந்ததென்று நிரூபிக்க வேண்டும். ஆகவே ஒருவர் எறியும் ஒரு கல், வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் கோபத்தில் போட்ட ஒரு வரி, அந்த நிரூபணத்தை நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி. 1961 பெப்ரவரியில் யாழ்ப்பாணக் கச்சேரி (மாவட்டச் செயலகம்) வாசலில் சத்தியாக்கிரகம் இருந்தவர்களைப் பொலிஸ் அடித்து இழுத்துப் போட்டது. அவர்கள் திருப்பி அடிக்கவில்லை. அதனால்தான் அவர்களைப் பற்றி இன்றைக்கும் தலைநிமிர்ந்து கதைக்க முடிகிறது. ஆரம்பம் முதல் கடைசிவரை வீடியோ எடுக்க இரண்டு பேரை வேறாக ஒதுக்குங்கள், அவர்கள் கோஷம் போடக் கூடாது.

கைது என்றால் காரணத்தைக் கேளுங்கள், சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. சாதாரண சட்டத்தில் 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் கொண்டுபோக வேண்டும். அதே சாதாரண சட்டத்தில், பொலிஸாருக்குக் கொடுத்த குற்ற ஒப்புதல் வழக்கில் உங்களுக்கு எதிராகச் செல்லாது, அப்படியிருந்தும் அங்கே விளக்கம் சொல்லிக்கொண்டிருக்காதீர்கள். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசிக்கத் தெரியாத சிங்களத்தில் எழுதியதில் ஒருபோதும் கையொப்பம் வைக்காதீர்கள், இதை எத்தனை தரம் சொன்னாலும் போதாது. அடையாள அட்டையும் கிராம சேவகரின் வதிவிடச் சான்றும் உள்ள பிணையாளிகள் ஆளுக்கு இரண்டு பேரை முதலே பேசி வையுங்கள், வெள்ளிக்கிழமை பின்னேரம் தேடினால் ஆள் கிடைக்காது. காசில்லாதவர்களுக்குச் சட்ட உதவி ஆணைக்குழு யாழ்ப்பாணத்தில் இருக்கிறது.

அப்புறம், எதிராளியாக நிற்பதோடு முடிக்க வேண்டாம், நீங்களே வழக்காளியாகவும் போகலாம். கூடுவதற்கான உரிமை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரையில் இருக்கிறது, அது மீறப்பட்டால் ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனுப் போடலாம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. எங்கள் சுன்னாகத்தில் மின்நிலையத்தை அண்டிய கிணறுகளில் எண்ணெய் கலந்த விவகாரத்தில் 2015இல் போட்ட மனுவுக்கு 2019இல் தீர்ப்பு வந்து, மின்உற்பத்தி நிறுவனம் 2 கோடி ரூபா இழப்பீடு கட்ட வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. அந்தத் தண்ணீர் மாதிரிகளும் ஆய்வறிக்கைகளும் இல்லாமல் அது நடந்திருக்காது. ஆகவே பதாகை எழுதும் அன்றைக்கே உங்கள் ஊர்க் கிணற்றுத் தண்ணீரையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். வழக்குத் தவணை வந்தால் ஒன்றையும் தவறவிடாமல் போங்கள், போகாவிட்டால் பிடியாணை வரும்.