எச்.ஆர் பிரிவை மாற்றி அமைக்கப் போகிறீர்களா? ஆட்களின் வரவுப் புத்தகத்தையும் புரட்டுங்கள்

கிளிநொச்சியில் ஒரு கார்மென்ட்ஸில் எச்.ஆர் (மனிதவளம்) பார்க்கிறேன். என்னோடு நாலு பேர். 'நிறுவனத்தின் திட்டத்தோடு எச்.ஆரும் சேர்ந்து போக வேணும், பிரிவை மாற்றி அமையுங்கள்' என்று மேலிடம் சொன்னதும் நான் செய்த முதல் பிழை, படம் கீறியது. பெட்டி பெட்டியாக, ஒவ்வொன்றிலும் ஒரு புதுப் பதவிப் பெயர். பெயர்ப் பலகை மாறியது, மேசையில் குவிகிற வேலை அப்படியே கிடந்தது.

படத்தை விடுங்கள், ஒரு கொப்பி எடுங்கள். பிரிவில் எல்லோரும் இரண்டு கிழமைக்கு என்ன செய்தோம் என்று அன்றன்றே எழுதட்டும். மாதக் கடைசியும் அதற்குள் வர வேண்டும், சம்பள நேரத்தில்தான் உண்மை தெரியும். எங்கள் கொப்பியில் பாதிக்கு மேல் லீவுத் துண்டு, ஓ.டி (மேலதிக நேர) கணக்கு, ஈ.பி.எஃப் (ஊழியர் சேமலாப நிதி), ஈ.டி.எஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி). ஈ.பி.எஃபுக்குச் சம்பளத்தில் தொழிலாளியின் 8 வீதம், முதலாளியின் 12; ஈ.டி.எஃபுக்கு முதலாளியின் 3. இது பிந்தவும் கூடாது, பிழை வரவும் கூடாது. அதற்காக நாலு பேரும் கை வைக்கத் தேவையில்லை. கணக்கில் கெட்டியான ஒருவரிடம் கொடுத்து, அவர் லீவென்றால் பார்க்க இன்னொருவரைப் பழக்கி வையுங்கள். மற்ற இருவரின் நேரம் இப்போது உங்கள் கையில்.

சரி, அந்த நேரத்தை எங்கே போடுவது? உற்பத்தி மனேஜரிடம் 'எச்.ஆர் உங்களுக்கு என்ன செய்ய வேண்டும்' என்று கேட்காதீர்கள். 'ஆள் தாங்கோ' என்பார், அவ்வளவுதான். 'போன வருடம் எந்தச் சரக்கு பிந்தியது, எந்த மாதம்?' என்று கேளுங்கள். எங்களுக்கு வந்த பதில், மாசி. வரவுப் புத்தகத்தைப் புரட்டினால் தருமபுரம், விசுவமடு பஸ்களில் வருகிற பிள்ளைகளின் பெயருக்கு நேரே வரிசையாகச் சிவப்பு, வேலைக்கு வராத நாட்கள். அதுவரை நாங்கள் அவர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் அடித்துக்கொண்டிருந்தோம்.

ஒரு பிள்ளையைக் கூப்பிட்டுக் கதைத்தேன். "அக்கா, மிசின் ஒரு மணித்தியாலத்தில வயலை வெட்டிப்போட்டுப் போயிடும். ஈர நெல்லைக் காயப்போட்டுக் காவல் இருக்க வீட்டில ஆர் இருக்கினம்?" என்றாள். அம்மாவும் அவளும்தான் வீட்டில். கடிதம் எழுதி நெல் காயுமா?

அப்புறம்தான் ஒருவரைத் தையல் லைனுக்கும் பஸ்ஸுக்கும் என்றே ஒதுக்கினோம். அவர் மேசையில் இருக்க மாட்டார். கார்த்திகையிலேயே யார் வீட்டில் எப்போது விதைத்தார்கள் என்று கேட்டு எழுதுவார். காலபோக (மழைக்கால நெற்செய்கை) விதைப்புத் திகதி தெரிந்தால் வெட்டு எந்தக் கிழமை வரும் என்பது ஏறக்குறையத் தெரியும். அதற்கேற்ப லீவைப் பிரிக்கலாம். ஓவர்லொக் தையல் மிசின் மட்டும் தெரிந்தவருக்கு, வராதவரின் இடத்தை நிரப்ப மார்கழியிலேயே பிளாட்லொக் மிசினும் பழக்கலாம். வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கும் இதே கணக்குத்தான்.

இந்த வேலைக்கு நல்ல ஆங்கிலம் பேசுகிறவரைப் போடாதீர்கள். நாங்கள் போட்டது முன்பு லைனில் தைத்த ஒருவரை. கொழும்புக் கூட்டத்தில் அவர் அதிகம் வாய் திறக்கமாட்டார், ஆனால் பஸ்ஸில் அவரிடம் எல்லோரும் கதைப்பார்கள்.

மேலிடத்துக்குப் போகும் அறிக்கையையும் மாற்றுங்கள். எத்தனை பயிற்சி நடத்தினோம் என்ற வரியை வெட்டிவிட்டு, காலையில் லைன் தொடங்கும்போது எத்தனை மிசின் சும்மா நின்றது என்று எழுதுங்கள்.

போன ஐப்பசியில் ஆர்டர் எடுக்கிற கூட்டத்துக்கு முதல் தடவையாக என்னையும் கூப்பிட்டார்கள். மாசிக்கு ஒரு பெரிய ஆர்டர் மேசையில் இருந்தது. வரவுப் புத்தகத்தை விரித்துக் காட்டினேன். திகதியைப் பங்குனிக்குத் தள்ளக் கேட்போம் என்றார் மனேஜர்.