"எங்க கருந்துளையில சிங்குலாரிட்டியே இல்ல"னு ஒரு பேப்பர் சொன்னா அதை எப்படி செக் பண்றது

புதுசா ஒரு கிராவிட்டி தியரி, அதுல ஒரு கருந்துளை, நடுவுல சிங்குலாரிட்டி (ஐன்ஸ்டீன் தியரி உடைஞ்சு போற இடம்) கிடையாதுன்னு சொல்ற பேப்பர்கள் ஆர்க்கைவ்ல (பேப்பர்களை இலவசமா போடற வெப்சைட்) வந்துகிட்டே இருக்கு. எம்எஸ்சி லெவல் ஜெனரல் ரிலேட்டிவிட்டி தெரிஞ்சவங்க அதை நம்பறதா வேண்டாமான்னு தாங்களே போட்டுப் பாக்கலாம், பேப்பர் பேனா போதும், கணக்கு நீளமா போச்சுன்னா பைத்தான்ல சிம்பைனு அல்ஜிப்ரா பண்ற லைப்ரரி இருக்கு.

முதல்ல மெட்ரிக்கை, அதாவது வெளி-நேரத்துல தூரத்தை அளக்கற ஃபார்முலாவை பிடிங்க. சுழலாத கருந்துளைன்னா பெரும்பாலும் எஃப்-னு ஒரே ஒரு ஃபங்ஷன்தான் இருக்கும், ஐன்ஸ்டீன் தியரியில அது 1 − 2எம்/ஆர் (எம் நிறை, ஆர் மையத்துலருந்து அளக்கற ஆரம், ஜி, சி ரெண்டும் 1). எஃப் பூஜ்யமாகிற இடம் ஹொரைசன், உள்ள போனா திரும்ப முடியாத எல்லை. அங்க மெட்ரிக் இன்ஃபினிட்டி காட்டினாலும் அது கோஆர்டினேட் செய்யற வேலை, 1958ல ஃபிங்கல்ஸ்டைனும் 1960ல க்ரஸ்கலும் வேற கோஆர்டினேட் போட்டு அதை தெளிவாக்கிட்டாங்க.

நிஜ சிங்குலாரிட்டியான்னு பாக்க க்ரெட்ச்மன் ஸ்கேலர் போடணும், எந்த கோஆர்டினேட்ல போட்டாலும் மாறாத வளைவு அளவு அது. அதுல மூணு துண்டு: எஃப்-ஐ ரெண்டு தடவை டிஃபரன்ஷியேட் பண்ணி ஸ்கொயர் பண்ணது ஒண்ணு, ஒரு தடவை பண்ணி ஆர்-ஆல வகுத்து ஸ்கொயர் பண்ணி 4-ஆல பெருக்கினது ஒண்ணு, (1 − எஃப்)-ஐ ஆர்²-ஆல வகுத்து ஸ்கொயர் பண்ணி 4-ஆல பெருக்கினது இன்னொண்ணு. மேல சொன்ன ஐன்ஸ்டீன் எஃப்-க்கு (ஷ்வார்ஸ்சைல்டு கருந்துளை) போடுங்க, மூணுமே 16எம்²/ஆர்⁶ வரும், மொத்தம் 48எம்²/ஆர்⁶. எம் = 1னு வச்சா ஹொரைசன்ல வெறும் 0.75தான், ஆனா ஆர் = 0ல எல்லையே இல்லாம ஏறுது. இப்ப ஹேவர்ட் 2006ல குடுத்த எஃப் எடுங்க, 1 − 2எம்ஆர்²/(ஆர்³ + 2எம்எல்²), இதுல எல் ஒரு சின்ன நீளம். மையத்துகிட்ட அது 1 − ஆர்²/எல்² ஆயிடும், மூணு துண்டும் 4, 16, 4, கூட்டினா 24/எல்⁴, அவ்ளோதான், வெடிக்கல. ஒரு விஷயம், இந்த ஃபார்முலா கோளத்தோட பரப்பு 4πஆர்² ஆ இருந்தாத்தான் செல்லும், சிம்ப்சன்-விஸர் மெட்ரிக் மாதிரி ஆர்²க்கு பதிலா ஆர்² + ஏ² (ஏ ஒரு மாறிலி) வர்ற இடத்துல முழு ரீமன் டென்சரையும் போட்டுத்தான் ஆகணும்.

நிறைய பேப்பர் இதோட நிறுத்திடுது, நீங்க நிறுத்தாதீங்க. ஒரு வட்டத் தாள்ல ஒரு ஆப்பு வெட்டி ஒட்டி கூம்பு பண்ணீங்கன்னா முனையைத் தவிர எல்லா இடத்துலயும் வளைவு பூஜ்யம், ஆனா முனைக்கு வர்ற நேர்கோடு அதுக்கு மேல எப்படிப் போகும்னு சொல்லவே முடியாது. அதனாலதான் பென்ரோஸ் 1965 தியரம் வளைவு இன்ஃபினிட்டி ஆகுதான்னு கேக்கவே இல்ல, ஜியோடெசிக் (வளைஞ்ச வெளியில நேர்கோடு மாதிரி போற பாதை) பாதியில முடியுதான்னு மட்டும்தான் கேக்குது (அதுக்கு அடியில இருக்கறது கல்கத்தாவில அமல் குமார் ராய்சவுத்ரி 1955ல குடுத்த சமன்பாடு, இதை எத்தனை தடவை சொன்னாலும் தகும்). தலைகீழாவும் நடக்கும், பலாட்டினி முறையில (மெட்ரிக்கையும் கனெக்ஷனையும் தனித்தனியா எடுத்துக்கறது) எழுதின சில தியரிகள்ல வளைவு வெடிக்குது ஆனா ஜியோடெசிக் தடையில்லாம அந்தப் பக்கம் போயிடுது. அதனால ஒளிக்கும் நிறையுள்ள துகளுக்கும் தனித்தனியா ஜியோடெசிக் போட்டு, அஃபைன் பாராமீட்டர் (பாதையில எவ்ளோ போயிருக்குன்னு அளக்கற எண்) எவ்ளோ தூரம் ஓடுதுன்னு பாருங்க.

அப்புறம் அந்த மெட்ரிக் நிஜமாவே அந்த தியரியிலருந்து வந்துச்சா, இல்ல கையால எழுதி வச்சதான்னு பாருங்க. பார்டீன் 1968ல எழுதின மெட்ரிக்குக்கு 2000லதான் அயோன்-பியாட்டோவும் கார்சியாவும் ஒரு சோர்ஸ் காட்டினாங்க, அதுவும் நான்லீனியர் எலக்ட்ரோடைனமிக்ஸ், கிராவிட்டி அப்படியே ஐன்ஸ்டீனோடதுதான். மறுபக்கம் கிராவிட்டியோட ஒரு ஸ்கேலர் ஃபீல்டையும் சேக்கற பிரான்ஸ்-டிக்கி தியரியில நிலையா இருக்கற கருந்துளை ஐன்ஸ்டீனோட அதே கருந்துளைதான்னு ஹாக்கிங் 1972லயே காட்டிட்டார், அப்ப சிங்குலாரிட்டியும் அப்படியே உள்ள உக்காந்திருக்கு. தியரியை மாத்தினா தானா சரியாயிடும்னு இல்ல.

எனக்கு ரொம்ப முக்கியமா படறது உள் ஹொரைசன். ஹேவர்ட் மாதிரி எஃப் மையத்துலயும் 1, தூரத்துலயும் 1, அப்ப நடுவுல பூஜ்யத்தை ஒரு தடவை வெட்டினா இன்னொரு தடவை வெட்டித்தான் ஆகணும், எம் (3√3/4)எல்-ஐ தாண்டின உடனே ரெண்டு ஹொரைசன் வந்துடும். உள்ள இருக்கற ஹொரைசன்ல சின்ன சலனம்கூட எக்ஸ்போனென்ஷியலா வளரும்னு பாய்சனும் இஸ்ரேலும் 1990ல சார்ஜ் உள்ள கருந்துளைக்கு காட்டினாங்க, மாஸ் இன்ஃப்ளேஷன்னு பேரு. மையத்துல துரத்தின சிங்குலாரிட்டி இங்க திரும்ப வருதான்னு இன்னைக்கும் சண்டை ஓடிகிட்டிருக்கு, பேப்பர்ல இதைப் பத்தி ஒரு வரிகூட இல்லன்னா அது பெரிய ஓட்டை.

கடைசியா "ஈவென்ட் ஹொரைசன் டெலஸ்கோப் டேட்டாவோட ஒத்துப்போகுது"ன்னு அப்ஸ்ட்ராக்ட்ல இருக்கும். எம்87 படம் 2019லயும் நம்ம பால்வீதி மையத்துல இருக்கற சாஜிட்டேரியஸ் ஏ ஸ்டார் படம் 2022லயும் வந்துச்சு, நிழலோட சைஸை முடிவு பண்றது ஆர் = 3எம் பக்கத்துல ஒளி சுத்தற பாதை. எல் பிளாங்க் நீளம் (குவாண்டம் கிராவிட்டி தலைகாட்டும்னு நினைக்கற மிகச் சின்ன நீளம்) அளவுதான்னா 3எம்ல எஃப் ஷ்வார்ஸ்சைல்டோட எஃப்-லருந்து எவ்ளோ விலகுதுன்னு போட்டுப் பாருங்க, எந்த டெலஸ்கோப்பாலயும் பிடிக்க முடியாத நம்பர் வரும், அப்ப அந்த ஒத்துப்போறது மையத்தைப் பத்தி எதுவும் சொல்லல.