டிஎம்எஸ் அறையில் டியூட்டியா? நர்ஸ் கவனிக்க வேண்டியவை

மனச்சோர்வுக்குக் காந்தத் தூண்டல், அதாவது டிஎம்எஸ், கொடுக்கும் அறைக்கு உங்களை மாற்றியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். மெஷினைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், அதை இயக்க ஒரு வாரத்தில் பழகிவிடலாம். கடினமான வேலை வேறு இடத்தில் இருக்கிறது. டாக்டர் முதல் நாள் இடத்தையும் அளவையும் குறித்துக் கொடுத்துவிட்டு அப்புறம் அவ்வப்போதுதான் வந்து பார்ப்பார், ஆனால் நீங்கள் அதே ஆளை வாரத்துக்கு 5 நாள், 4 முதல் 6 வாரம் வரை தினமும் பார்க்கப்போகிறீர்கள். நேற்றைக்கும் இன்றைக்கும் அவரிடம் என்ன மாறியிருக்கிறது என்று சொல்லக்கூடியவர் ஆஸ்பத்திரியில் நீங்கள் ஒருவர்தான். இந்தச் சிகிச்சை பாதுகாப்பாக நடப்பது பெரும்பாலும் அதை வைத்துத்தான்.

மெஷின் செய்வது இவ்வளவுதான்: தலையில் ஒட்டிவைக்கும் காயிலுக்குள், அதாவது கம்பிச்சுருளுக்குள், மின்சாரம் நொடியின் சிறு துளி நேரம் பாய்கிறது, அதனால் எழும் காந்தப்புலம் மண்டை ஓட்டைத் தாண்டிப் போய் மூளையின் மேற்பரப்பில் சிறிய மின்னோட்டத்தை உண்டாக்குகிறது. 1985ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழு இதை முதலில் செய்து காட்டியது. மாத்திரையில் சரியாகாத மனச்சோர்வுக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2008ல் அனுமதி கொடுத்தது.

நோயாளியும் வீட்டாரும் முதலில் கேட்பது, "கரண்ட் வைக்கப் போறீங்களா சிஸ்டர்?" என்பதுதான். எரிச்சல்படாமல் பதில் சொல்லுங்கள். மயக்க மருந்து கிடையாது, வலிப்பு வரவைப்பது கிடையாது, முழு நினைவோடு நாற்காலியில் உட்கார்ந்திருப்பீர்கள், டக் டக் என்று சத்தம் வரும், மண்டையில் விரலால் சுண்டுவது போல இருக்கும், முடிந்ததும் எழுந்து பஸ் பிடித்து வீட்டுக்குப் போகலாம். இப்படிச் சொன்னாலே பாதிப் பயம் போய்விடும். இன்னொன்று, இசிடியை, அதாவது மயக்கம் கொடுத்து மின்சாரத்தால் வலிப்பு வரவைக்கும் சிகிச்சையை, மட்டமாகப் பேசி இதை உயர்த்திச் சொல்லாதீர்கள். நாளைக்கு அதே ஆளுக்கு இசிடி தேவைப்படலாம், கடுமையான மனச்சோர்வில் அது உயிரைக் காப்பாற்றும் சிகிச்சை.

சிகிச்சை தொடங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகளை டாக்டர் கேட்டிருப்பார். நீங்களும் கேளுங்கள், வேறு வார்த்தையில் கேளுங்கள். "தலைக்குள் உலோகம் இருக்கிறதா" என்றால் எல்லோரும் இல்லை என்றுதான் சொல்வார்கள். தலையில், காதில், கண்ணில் எப்போதாவது ஆபரேஷன் நடந்ததா, காதுக்குள் மெஷின் பொருத்தியிருக்கிறார்களா, மூளை ரத்தக்குழாயில் கிளிப் போட்டார்களா, லேத் பட்டறையிலோ வெல்டிங்கிலோ வேலை பார்த்துக் கண்ணில் இரும்புத்தூள் விழுந்ததா என்று ஒவ்வொன்றாகக் கேட்க வேண்டும். காதுக்குள் பொருத்தும் காக்ளியர் இம்ப்ளான்ட், காந்தம் இழுக்கும் உலோகக் கிளிப், மூளைக்குள் வைத்த மின்முனை இருந்தால் டிஎம்எஸ் கூடாது. நெஞ்சில் பேஸ்மேக்கர் இருந்தாலோ கர்ப்பமாக இருந்தாலோ, டாக்டரிடம் சொல்லி அவர் முடிவு எழுதும்வரை தொடங்காதீர்கள். பல் அடைத்தது பற்றிக் கவலை வேண்டாம்.

வலிப்பு பற்றிய கேள்வி தனி. நம் ஊரில் கல்யாணம், மாமியார் வீடு என்று ஆயிரம் காரணத்துக்காக ஃபிட்ஸ் வந்ததை மறைப்பார்கள். கணவரும் மாமியாரும் பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் உண்மை வராது. தனியாகக் கேளுங்கள், பெற்ற அம்மா வந்திருந்தால் அவரிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், சின்ன வயதில் ஜுரத்தில் வந்தது உட்பட.

அப்புறம் தினசரிக் கேள்விகள். நேற்று ராத்திரி தூங்கினீர்களா? குடித்தீர்களா, அல்லது தினம் குடிப்பதைத் திடீரென்று நிறுத்தினீர்களா? மாத்திரை ஏதாவது மாறியதா, விட்டுப்போனதா? இந்த மூன்றும் மரியாதைக்குக் கேட்கும் கேள்விகள் அல்ல. டிஎம்எஸ்ஸில் வலிப்பு மிக அரிது, ஆனால் வரும்போது பெரும்பாலும் தூக்கமின்மை, மது, மாத்திரை மாற்றம் இவற்றில் ஒன்று பின்னால் இருக்கும். சிவராத்திரிக்கும் வைகுண்ட ஏகாதசிக்கும் கண் விழித்துவிட்டு நேராக வந்து உட்காருவார்கள், கேட்டால்தான் சொல்வார்கள். குளோனாசெபாம், அல்ப்ராசோலாம் போன்ற பதற்ற மாத்திரைகளைத் தாங்களாகவே சட்டென்று நிறுத்தியவர், வலிப்பு வரும் வாய்ப்பைக் கூட்டும் பியூப்ரோபியானோ குளோசாபினோ புதிதாகத் தொடங்கியவர் என்றால் அன்றைய செஷனுக்கு முன் டாக்டருக்குப் போன் போடுங்கள். மூளை தூண்டலுக்கு இணங்கும் அளவே மாறியிருக்கலாம், மறுபடி அளந்து பார்க்க வேண்டி வரும்.

அந்த அளவை மோட்டார் த்ரெஷோல்ட் என்பார்கள். தலையின் இடப்பக்கம் காயிலை வைத்துத் தூண்டினால் வலது கட்டைவிரல் துடிக்கும். 10 முறை தூண்டினால் 5 முறையாவது துடிக்கிற குறைந்தபட்ச சக்திதான் அந்த ஆளின் அளவு. அதன் 120 சதவீதத்தில், காயிலை இடது முன்மூளைப் பகுதிக்கு நகர்த்திவைத்து, சிகிச்சை கொடுப்பது வழக்கம். கணக்கிட்டு எழுதுவது டாக்டர். விரலைக் கண்கொட்டாமல் பார்ப்பதும், காயில் இருக்கும் இடத்தை நோயாளி தலையில் மாட்டும் தொப்பியில் சரியாகக் குறித்துவைப்பதும் உங்கள் கையில். தொப்பியில் பெயர் எழுதுங்கள், ஒருவர் தொப்பி இன்னொருவருக்குப் போகவே கூடாது.

நாற்காலியில் உட்காரவைக்கும்முன் ஹேர்பின், கம்மல், மூக்குத்தி, கண்ணாடி, காதுகேட்கும் கருவி எல்லாம் கழற்றியாக வேண்டும். போன், ஏடிஎம் கார்டு, வாட்ச் வெளியே. தாலியைக் கழற்றச் சொன்னால் பல பெண்கள் கலங்கிப்போவார்கள், ஏற்கெனவே மனம் உடைந்து வந்திருப்பவரிடம் அதைப் போகிறபோக்கில் சொல்லாதீர்கள். உங்கள் யூனிட்டில் என்ன நடைமுறை என்று முன்பே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் தாலிக்கொடியில் நாலைந்து ஊக்கு கோத்திருப்பார்கள், அது இரும்பு, அதைக் கட்டாயம் எடுக்கச் சொல்லுங்கள். தலை நிறைய எண்ணெய் இருந்தால் தொப்பி வழுக்கும், உயரமான கொண்டையும் பூவும் இருந்தால் காயில் ஒட்டி உட்காராது. தளர்வாகப் பின்னிவரச் சொல்லுங்கள். காதடைப்பான் நோயாளிக்கு மட்டும் இல்லை, உங்களுக்கும்தான். நாள் முழுக்க அந்தச் சத்தத்தில் இருக்கப்போவது நீங்கள்.

பழைய முறை என்றால் 10 ஹெர்ட்ஸ், 4 நொடி தூண்டல், 26 நொடி ஓய்வு, மொத்தம் 3000 துடிப்பு, 37.5 நிமிடம் ஆகும். துடிப்புகளைக் கொத்துக்கொத்தாக வேகமாகக் கொடுக்கும் தீட்டா பர்ஸ்ட் முறை என்றால் 600 துடிப்பு, 3 நிமிடத்தில் முடிந்துவிடும். கனடாவில் 414 பேரிடம் நடத்தி 2018ல் வெளியான ஆய்வில் குறுகிய முறை நீண்ட முறைக்குக் குறைந்ததில்லை என்று தெரிந்தது, வலி மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொன்னார்கள். எந்த முறையானாலும் செஷன் ஓடும்போது அறையை விட்டு வெளியே போகாதீர்கள், ஃபைல் எழுதிக்கொண்டும் இருக்காதீர்கள். தலை சரிகிறதா, தூங்கிவிடுகிறாரா, கண்ணோரத் துடிப்பு கூடுகிறதா, வலது கை தானாக ஆடுகிறதா என்று பாருங்கள். முகத்துடிப்பு காயில் தட்டும்போது மட்டும் வந்தால் சாதாரணம், தட்டாத இடைவெளியிலும் தொடர்ந்தால் உடனே நிறுத்துங்கள். முதல் வாரத்தில் தலைவலியும் தோல்வலியும் சகஜம். காயிலைச் சற்றுத் திருப்புவதா, சக்தியைக் குறைத்துப் படிப்படியாக ஏற்றுவதா என்று டாக்டரைக் கேளுங்கள், பாரசிட்டமால் எழுதியிருந்தால் கொடுங்கள்.

முதல் நாள் சிலர் முகம் வெளுத்து, வியர்த்து, மயங்குவார்கள். சாப்பிடாமல் வந்திருப்பார்கள், பயம் வேறு. காயிலை எடுத்து, நாற்காலியைச் சாய்த்து, காலை உயர்த்துங்கள், சீக்கிரம் தெளிந்துவிடுவார்கள். வலிப்பே வந்தால் மெஷினை நிறுத்தி, காயிலைத் தள்ளி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, கடிகாரத்தைப் பாருங்கள். வாயில் எதுவும் திணிக்கக் கூடாது. கூட வந்தவர் சாவிக்கொத்தைக் கையில் கொடுக்க ஓடிவருவார், அவரை அன்பாக வெளியே நிறுத்துங்கள். பெரும்பாலும் ஓரிரு நிமிடத்தில் தானாக நிற்கும். 5 நிமிடம் தாண்டினால் யூனிட் நடைமுறைப்படி ஊசி. ஆக்சிஜன், சக்‌ஷன், மருந்து மூன்றும் வேலை செய்கின்றனவா என்று தினமும் காலையில் முதல் நோயாளிக்கு முன்பே பார்த்துவிடுங்கள்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவது. மனச்சோர்வு குறையும்போது சிலருக்கு மனம் தெளிவதற்குமுன் உடம்பில் தெம்பு வந்துவிடும். சாக வேண்டும் என்ற எண்ணம் அப்படியே இருக்கும், அதைச் செய்யச் சக்தி மட்டும் கூடியிருக்கும். "நல்லா நடமாடறார் சிஸ்டர்" என்று வீட்டார் சந்தோஷப்படும் அதே வாரத்தில் நீங்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். வாரம் ஒருமுறை பிஎச்க்யூ-9, அதாவது மனச்சோர்வை அளக்கும் 9 கேள்விப் படிவம், கேட்கும்போது சாவு எண்ணம் பற்றிய 9ஆவது கேள்வியை அவசரமாகத் தாண்டாதீர்கள். "செத்துப்போகலாம்னு தோணுதா?" என்று நேராகவே கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாமல் டாக்டரை வரவழையுங்கள். எல்லோருக்குமே அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலிமானஸ் எண் 14416ஐ எழுதிக் கொடுத்துவிடுங்கள், ராத்திரியில் கூப்பிடலாம். மாறாக, மூன்று மணி நேரத் தூக்கமே போதும் என்கிறார், பேச்சு நிற்கவில்லை, கடன் வாங்கிச் செலவு செய்கிறார் என்றால் அது குணமாவது அல்ல, மனநிலை மறுபக்கம் தாவுகிறது. அதையும் அன்றே சொல்லுங்கள்.

இரண்டு, மூன்று வாரம் ஆனதும் பலர் சோர்ந்துபோய், "ஒண்ணும் தெரியலை சிஸ்டர், நாளைலேர்ந்து வரலை" என்பார்கள். கண்டிப்பாகச் சரியாகிவிடும் என்று வாக்குக் கொடுக்காதீர்கள், எல்லோருக்கும் பலன் தருவதில்லை. ஆனால் நான்காவது வாரத்துக்கு அப்புறம் மாறியவர்களும் இருக்கிறார்கள் என்று சொல்லலாம், அது உண்மை. தினக்கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி வருபவர் என்றால் அவருக்குத் தோதான நேரத்தைக் கொடுக்கப் பாருங்கள், பாதியில் நிற்பதற்குப் பலநேரம் அதுதான் காரணம்.

கடைசி செஷன் அன்று, மாத்திரையை நிறுத்தக் கூடாது என்பதை நோயாளியிடமும் வீட்டாரிடமும் சேர்த்துச் சொல்லுங்கள். அவருக்கு முதலில் கெட்டது எது, தூக்கமா, சாப்பாடா, குளிப்பதா என்று இத்தனை நாளில் உங்களுக்குத் தெரிந்திருக்கும். அதை அடுத்த ரிவ்யூ தேதியோடு ஒரு சீட்டில் தமிழில் எழுதி வீட்டாரிடம் கொடுங்கள், அது திரும்பத் தலைகாட்டினால் தேதிக்குக் காத்திருக்காமல் வரச் சொல்லுங்கள்.