பிராண்ட்ஃபர்ட்காரர் என்று யாரைச் சொல்லலாம்? ஊர்ப் புகழாளர் பட்டியல் தொகுக்கும் முறை

கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் உள்ள பிராண்ட்ஃபர்ட்டின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றே தாண்டும். இந்த ஊரின் புகழாளர்களைத் தொகுக்க உட்கார்ந்தால், பெயர் சேர்ப்பதற்கு முன் ஒரு தாளில் நான்கு பத்தி போடுங்கள்: பிறந்த இடம், ஊரில் இருந்த காலம், புகழ் வந்த இடம், சான்று. ஒரு பத்தி காலியாக இருந்தாலும் பெயரை ஏற்றாதீர்கள்.

எளிதானவர்களை முதலில் முடித்துவிடலாம். ஐஸ் ஹாக்கி வீரர் வெய்ன் கிரெட்ஸ்கி (1961), ஓவியர் லாரன் ஹாரிஸ் (1885) இருவரும் இங்கேயே பிறந்தவர்கள். நடிகர் ஃபில் ஹார்ட்மனும் (1948) அப்படித்தான். ஆனால் சிறுவயதிலேயே குடும்பம் அமெரிக்காவுக்குப் போய்விட்டது. அவர் பெயருக்கு எதிரே 'பிறப்பு மட்டும்' என்று எழுதுங்கள்.

அதிகம் சறுக்குவது அலெக்சாண்டர் கிரகாம் பெல்லிடம். அவர் பிறந்தது எடின்பரோவில். 1870இல் குடும்பத்தோடு பிராண்ட்ஃபர்ட் அருகே குடியேறினார். மறு ஆண்டே கற்பிக்க பாஸ்டனுக்குப் போனார். தொலைபேசிக்கான யோசனை 1874 கோடையில் இங்கே வந்தபோது உருவானது. முதன்முதலாகப் பேச்சு கேட்டதோ 1876 மார்ச்சில் பாஸ்டனில். அதே ஆண்டு ஆகஸ்ட் 10 அன்று பிராண்ட்ஃபர்ட்டிலிருந்து பாரிஸுக்குக் கம்பி வழியே குரல் போனது. இந்த பாரிஸ் பக்கத்து ஊர், பிரான்சில் இல்லை! 'பிராண்ட்ஃபர்ட்டில் பிறந்தவர்' என்ற தலைப்பின் கீழ் பெல்லைப் போட்டால் பட்டியலே சந்தேகத்துக்கு உள்ளாகும். 'வாழ்ந்தவர், பணி செய்தவர்' என்று தனித் தலைப்பு வையுங்கள்.

அடுத்தது எல்லைச் சிக்கல். கவிஞர் பாலின் ஜான்சன், 1907 பாஸ்டன் மாரத்தானில் வென்ற டாம் லாங்போட், நடிகர் ஜே சில்வர்ஹீல்ஸ் மூவரும் பிறந்தது நகரத்தில் அல்ல, அதை ஒட்டிய சிக்ஸ் நேஷன்ஸ் பூர்வகுடி நிலத்தில். அது தனிச் சமூகம். நகரத்தோடு கலப்பது வெறும் தகவல் பிழையல்ல, அவர்கள் அடையாளத்தையே அழிப்பது. மோஹாக் என்ற பூர்வகுடியின் தலைவர் ஜோசப் பிராண்ட் 1807இல் இறந்தவர். பிராண்ட்ஃபர்ட் நகரத் தகுதி பெற்றது 1877இல். அவரை 'ஊருக்குப் பெயர் தந்தவர்' என்று தனியே நிறுத்துங்கள்.

சான்று தேடும்போது இயற்பெயரையும் போட்டுப் பாருங்கள். சில்வர்ஹீல்ஸின் இயற்பெயர் ஹரால்ட் ஸ்மித். ஹார்ட்மனின் குடும்பப் பெயரில் முதலில் கடைசி எழுத்து இரட்டித்திருந்தது. மேடைப் பெயரை மட்டும் வைத்துத் தேடினால் பிறப்புப் பதிவு கையில் சிக்காது.