கெர்னலில் 10 மில்லி வினாடி காத்திருப்பது எப்படி?

சாதாரண நிரலில் கொஞ்சம் காத்திருக்க வேண்டுமென்றால் ஸ்லீப் என்று ஒரு வரி போதும். ஆப்பரேட்டிங் சிஸ்டத்தின் மையப் பகுதியான கெர்னலை நாமே எழுதும்போது அந்த வரிக்குப் பின்னால் ஒன்றுமே இருக்காது. ஆனால் காத்திருந்தே ஆக வேண்டிய இடங்கள் வந்துகொண்டே இருக்கும். இன்டெல் ப்ராசஸரின் இரண்டாவது கோர், அதாவது இரண்டாவது கணிப்பு அலகை எழுப்ப, முதலில் இனிட் என்ற மீட்டமைப்பு சிக்னல் அனுப்பி, 10 மில்லி வினாடி விட்டு, அப்புறம்தான் தொடக்க சிக்னலை அனுப்ப வேண்டும் என்பது இன்டெல் வகுத்த முறை. அந்த 10 மில்லி வினாடியை இப்போது உருவாக்குவோம்.

எல்லோருக்கும் முதலில் தோன்றுவது வெறும் லூப். நானும் அதைத்தான் போட்டேன். கணினியைப் போல நடிக்கும் மென்பொருளான எமுலேட்டரில் நன்றாகவே ஓடியது. நிரலை வேகமாக்கும் ஆப்டிமைசேஷனை ஏற்றியதும், எந்த வேலையும் செய்யாத லூப் என்று கம்பைலர் அதை அடியோடு நீக்கிவிட்டது. இதை நீக்காதே என்று கம்பைலருக்குச் சொல்லும் வாலட்டைல் போட்டு லூப்பைக் காப்பாற்றலாம், ஆனால் நேரத்தைக் காப்பாற்ற முடியாது. ப்ராசஸருக்கு ப்ராசஸர் வேகம் வேறு. ஒரே ப்ராசஸரிலும் ஓடும்போதே வேகம் மாறும். ஆகவே, நேரம் எண்ணுவதற்கென்றே இருக்கும் 8254 டைமர் சில்லிடம் கேட்பதுதான் சரி.

இந்த டைமர் வினாடிக்கு 11,93,182 முறை துடிக்கிறது. விநோதமான எண்தான். பழைய ஐபிஎம் பிசியில் இருந்த 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகத்தின் துடிப்பை 12ஆல் வகுத்ததால் வந்தது அது. ப்ராசஸர் எவ்வளவு வேகமானாலும் இது மாறாது. 10 மில்லி வினாடிக்கு இதில் 11,932 துடிப்புகள்.

சரி, வேலைக்கு வருவோம். கீழே வரும் போர்ட் எண்கள் (வன்பொருளோடு பேசும் முகவரிகள்) எல்லாம் ஹெக்ஸ், அதாவது 16 அடிமானம்.

படி 1. போர்ட் 61ஐப் படித்து, வலது கோடியில் உள்ள 0ஆவது பிட்டை 1 ஆக்குங்கள். அதுதான் டைமரில் உள்ள எண்ணிகளில் ஒன்றான சேனல் 2இன் வாசல்; திறந்தால்தான் அது எண்ணும். 1ஆவது பிட்டை 0 ஆக்குங்கள். இல்லையென்றால் ஸ்பீக்கர் ஒலிக்கக்கூடும். மற்ற பிட்களைத் தொடாமல் திருப்பி எழுதுங்கள்.

படி 2. போர்ட் 43க்கு 10110000 என்ற பைட்டை அனுப்புங்கள். இதை மனப்பாடம் செய்யாமல் பிரித்துப் பார்ப்பது நல்லது. முதல் இரண்டு பிட்கள் 10: சேனல் 2. அடுத்த 11: எண்ணைக் கீழ் பைட், மேல் பைட் என்று இரண்டு தவணையாகத் தரப்போகிறோம். அடுத்த 000: பூஜ்யம் வரை ஒருமுறை எண்ணு. கடைசி 0: சாதாரண இருமம்.

படி 3. 11,932ஐ 256ஆல் வகுத்தால் ஈவு 46, மீதி 156. போர்ட் 42க்கு முதலில் 156, அப்புறம் 46. வரிசை மாறினால் டைமர் 39,982இலிருந்து எண்ணும். 10 மில்லி வினாடி 33க்கு மேல் போய்விடும். இரண்டாவது பைட் போய்ச் சேர்ந்ததும் எண்ணிக்கை தொடங்கும்.

படி 4. போர்ட் 61ஐத் திரும்பத் திரும்பப் படியுங்கள். 5ஆவது பிட் 1 ஆனதும் நேரம் முடிந்தது.

இதற்கு இன்டரப்ட் (ப்ராசஸரை இடைமறிக்கும் சிக்னல்) எதுவும் தேவையில்லை, அதனால் கெர்னல் துவங்கும் கட்டத்திலேயே பயன்படுத்தலாம். இந்த எண்ணி 16 பிட் என்பதால் ஒரே தடவையில் ஏறக்குறைய 55 மில்லி வினாடிக்கு மேல் தாங்காது. நீண்ட காத்திருப்புக்கு இதையே பலமுறை அழையுங்கள். நடுவில் வேறு இன்டரப்ட் வந்தால் காத்திருப்பு நீளும், ஆனால் குறையாது. வன்பொருளுக்கு நாம் தர வேண்டிய உத்தரவாதமும் அதுதான்: குறைந்தது இவ்வளவு நேரம்.

சோதித்துப் பார்க்க, ஒவ்வொரு நூறு முறை அழைத்ததும் திரையில் ஒரு புள்ளி அச்சிடுங்கள். ஸ்டாப்வாட்சில் ஒரு நிமிடம் ஓடும்போது 60 புள்ளிகள் வர வேண்டும். 18 மட்டும் வந்தால் படி 3இல் பைட்களின் வரிசையைப் பாருங்கள்.