பாஸ்கா திருவிழிப்பு: கோவில்பிள்ளைகள் சறுக்கும் இடங்கள்

ஈஸ்டருக்கு முந்தின இரவு, கோவிலுக்கு வெளியே புது நெருப்பு மூட்டித் தொடங்கும் வழிபாடுதான் பாஸ்கா திருவிழிப்பு. தீப்பெட்டியை மறப்பது, தூபக்கலசம் இருக்கும் அலமாரியின் சாவியைத் தேடுவது பற்றியெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. ஒருமுறை பட்டவர் அடுத்த ஆண்டு தானாகவே சரிசெய்துகொள்வார். பிரிட்டன் பங்குகளில், வழிபாட்டுக்குக் கோவிலைத் தயார்செய்யும் கோவில்பிள்ளை வேலைக்குப் புதிதாக வருபவர்கள் ஆண்டுதோறும் சறுக்குவது வேறு இடங்களில்.

சென்ற ஆண்டு நேரத்தையே போடுவது

கணினியில் பழைய அறிவிப்புத் தாளைத் திறப்பார்கள், தேதியை மாற்றுவார்கள், 'இரவு 7.30' என்பதை அப்படியே விட்டுவிடுவார்கள். மொத்த வழிபாட்டையும் கெடுக்க இந்த ஒரு வரி போதும்.

2024இல் பெரிய சனி, அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாள், மார்ச் 30. லண்டனில் மாலை ஆறரைக்கே சூரியன் மறைந்துவிட்டது. ஏழரைக்கு நல்ல இருட்டு. 2025இல் அது ஏப்ரல் 19. அதற்குள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளியாயிற்று, பகலும் நீண்டாயிற்று. சூரியன் மறையவே எட்டு மணி. அன்றும் ஏழரைக்கே தொடங்கினால் வெயிலில்தான் புது நெருப்பு மூட்ட வேண்டும். சன்னல் வழியே வெளிச்சம் கொட்டும் கோவிலுக்குள் திருத்தொண்டர் (குருவானவருக்கு அடுத்த நிலைப் பணியாளர்) அந்த நெருப்பில் ஏற்றிய பாஸ்கா திரி என்ற பெரிய மெழுகுதிரியோடு 'கிறிஸ்துவின் ஒளி' என்று பாடிக்கொண்டு நுழைவார். அதையடுத்துப் பாடும் பாஸ்கா புகழுரை 'இதுவே அந்த இரவு' என்று திரும்பத் திரும்பச் சொல்லும். எந்த இரவு?

திருச்சபைச் சட்டத்தில் குழப்பமே இல்லை: இருட்டிய பிறகு தொடங்க வேண்டும், ஞாயிறு விடியும் முன் முடிக்க வேண்டும். சனி மாலையில் ஞாயிறு திருப்பலி வைக்கும் நேரத்திலேயே திருவிழிப்பையும் வைக்கும் பழக்கத்தை 1988இல் உரோமை அனுப்பிய சுற்றுமடல் வெளிப்படையாகவே கண்டித்தது. ஒரு காலத்தில் திருவிழிப்பு சனிக்கிழமை காலையிலேயே நடந்துகொண்டிருந்தது. 1951இல் திருத்தந்தை 12ஆம் பயஸ்தான் அதை மறுபடி இரவுக்குக் கொண்டுவந்தார். அவ்வளவு பாடுபட்டு மீட்டதைப் பழைய கோப்பில் தேதி மாற்றும் சோம்பலில் தொலைப்பதுதான் எரிச்சல்.

செய்ய வேண்டியது சுலபம். உங்கள் ஊரில் அன்று சூரியன் மறையும் நேரத்தைப் பாருங்கள், அதோடு குறைந்தது 45 நிமிடம் கூட்டுங்கள். அந்தப் பருவத்தில் வடக்கே போகப் போக இருட்ட இன்னும் நேரமாகும். லண்டன் கணக்கை எடின்பரோவில் போடாதீர்கள். 2027இல் பெரிய சனி மார்ச் 27. அன்று பின்னிரவு ஒரு மணிக்குத்தான் கடிகாரம் முன்னே நகரும். அதனால் சீக்கிரமே இருட்டும். ஆனால் மறுநாள் காலைத் திருப்பலிக்கு வருபவர்களுக்கு ஒரு மணி நேரத் தூக்கம் போகும். இரண்டையும் அறிவிப்பில் போடுங்கள்.

'வயதானவர்களுக்கு நேரமாகிவிடுமே' என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். அதற்கு வழி வாசகங்களில் இருக்கிறது. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் ஏழு. தேவைப்பட்டால் மூன்றாகக் குறைக்கலாம். செங்கடலைக் கடப்பதைச் சொல்லும் விடுதலைப் பயணம் 14ஆம் அதிகாரத்தை மட்டும் எக்காரணத்தாலும் விடக்கூடாது.

இருட்டுக்குக் காத்திருந்த பிறகும் ஒரு கண்ணி உண்டு: வாசலில் ஆள் நடந்தால் தானே எரியும் விளக்கு. குருவானவர் நெருப்பை ஆசீர்வதிக்கக் கையை உயர்த்துவார், தலைக்கு மேல் பளீரென்று வெள்ளை வெளிச்சம். அதன் சுவிட்ச் எங்கே என்று பகலிலேயே கண்டுபிடித்து வையுங்கள். அவசர வழி விளக்குகளை மட்டும் மூடக்கூடாது.

திரியை அளக்காமல் வாங்குவது

பாஸ்கா திரி ஆண்டுக்கு ஒன்று, புதிது, உண்மையான மெழுகு. எண்ணெய் ஊற்றி எரிக்கும் பிளாஸ்டிக் குழாய் கணக்கில் வராது. வாங்கும் முன் திரியை நிறுத்தும் தண்டின் குழியை அளந்துகொள்ளுங்கள். அரை சென்டிமீட்டர் பெரிதாக வந்தால் அன்றிரவு கத்தியால் சுரண்ட வேண்டிவரும். 8 சென்டிமீட்டர் விட்டமும் ஒரு மீட்டர் உயரமும் உள்ள தேன்மெழுகுத் திரி ஏறக்குறைய 5 கிலோ. அதைத் தூக்கிப் பிடித்து மூன்று இடத்தில் பாட வேண்டியவரை முன்னதாகவே ஒருமுறை தூக்கச் சொல்லுங்கள். திரியில் உள்ள ஆண்டின் நான்கு இலக்கங்களும் சரிதானா என்று பெட்டியைப் பிரித்தவுடனே பாருங்கள். திரியில் குத்தும், ஆணி வடிவச் சாம்பிராணி மணிகள் ஐந்தும் துளைக்குள் போகின்றனவா என்றும் செருகிப் பாருங்கள். இறுக்கமான துளையில் அழுத்தினால் ஆணி முறியும்.

விறகுக் கங்கை நம்புவது

தூபக்கலசத்துக்குப் புது நெருப்பிலிருந்தே கங்கு எடுக்க வேண்டும். அப்போதுதான் மூட்டிய விறகில் கங்கு ஏது? புகைதான் வரும். காய்ந்த விறகு வாங்கி அரை மணி நேரம் முன்பே மூட்டி, கரிவில்லைகளை இடுக்கியால் அந்த நெருப்பிலேயே போட்டுவையுங்கள். மேலெல்லாம் சாம்பல் பூத்த பிறகு எடுங்கள். கறுப்பாக இருக்கும்போது சாம்பிராணி போட்டால் வில்லை அணைந்துபோகும்.

விளக்குகளின் வரிசை

முதல் 'கிறிஸ்துவின் ஒளி' கோவில் வாசலில். குருவானவரின் திரி எரியும். இரண்டாவது நடுவில்; மக்களின் திரிகள். மூன்றாவது பீடத்தின் முன். அதன் பிறகே மின்விளக்குகள். பீடத்து மெழுகுதிரிகளை அப்போதும் தொடக்கூடாது. அவற்றின் முறை கடைசிப் பழைய ஏற்பாட்டு வாசகமும் மன்றாட்டும் முடிந்து, வானவர் கீதம் (குளோரியா) தொடங்கும் முன் வரும்.

சொட்டும் மெழுகு

எரியும் திரியைச் சாய்க்காதீர்கள். எரியாததைச் சாய்த்துப் பற்றவையுங்கள். வாசலில் திரி கொடுப்பவரே இதைச் சொல்லிவிட்டால் கம்பளம் பிழைக்கும்.

தீர்த்தத் தொட்டியில் மணல்

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் முழுக்க மணல் நிரப்புவது கூடாது என்று 2000ஆம் ஆண்டிலேயே உரோமை சொல்லிவிட்டது. பெரிய வியாழன் இரவு காலி செய்தால் போதும்.

புகை எச்சரிக்கை மணி

தூபப் புகை எழும் என்று அதன் பொறுப்பாளரிடம் முன்பே சொல்லுங்கள்.